ஏழு நாள் வெளிநாட்டுப் பயணமும் எம்.பி.ஏ. படிப்பும்

மும்பையிலும் நவி மும்பையிலும் எம்.பி.ஏ. வகுப்பு நடத்தும் கல்லூரிகள் பலவற்றின் விளம்பரங்களில் இப்போது ஒரு வரி கண்ணில் படுகிறது. 'வெளிநாட்டுக் கல்விப் பயணம் உண்டு' என்பதே அந்த வரி. துபாய், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று ஊரின் பெயர் மாறும். ஐந்து நாள், ஏழு நாள், மிஞ்சிப் போனால் பத்து நாள். சர்வதேச மார்க்கெட்டிங் என்னும் பாடத்தை மாணவர்கள் நேரில் கண்டு கற்றுக்கொள்ள இந்த ஏற்பாடு என்று விளக்கமும் தரப்படுகிறது.

நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் குமாஸ்தாவாகவும் டைப்பிஸ்ட்டாகவும் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள், தாராவியில் தோல் பை தைப்பவரின் மகள், சயான் கோலிவாடாவில் இட்லிக் கடை வைத்திருப்பவரின் மகன் என்று பட்டியல் நீளும். இந்த வீடுகளில் பிள்ளை ஒரு நாள் வந்து, 'அப்பா, எல்லாரும் போகிறார்கள், நானும் போக வேண்டும்' என்று கேட்கும்போது, தகப்பனாருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை. வேண்டாம் என்றால் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்தவராவோமோ என்ற பயம். சரி என்றால் பணத்துக்கு எங்கே போவது என்ற கவலை.

இந்தப் பயணங்கள் கூடாது என்பது நம் கட்சியல்ல. ஆனால் இப்போது பெரும்பாலும் அவை நடத்தப்படும் முறையில், கல்வி கொஞ்சமாகவும் உல்லாசப் பயணம் அதிகமாகவும் இருக்கிறது. உல்லாசத்துக்கான விலையைக் கல்வியின் பெயரால் வசூலிப்பது முறையல்ல. அதைத் திருத்த வழியிருக்கிறது. அந்த வழியைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் பெற்றோர்களே.

வீட்டுக் கணக்கு

முதலில் பணத்தைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, பயணச் செலவு ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் ரொக்கம் இல்லாத குடும்பம் இதை 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்குகிறது. மாதத் தவணை ஏறக்குறைய 3,260 ரூபாய். அறுபது தவணையும் கட்டி முடிக்கும்போது கைவிட்டுப் போன தொகை ஏறக்குறைய 1,95,600 ரூபாய். ஏழு நாள் பயணத்துக்கு ஐந்தாண்டு கடன்! பையன் படம் எடுத்துக்கொண்ட கைபேசி அதற்குள் இரண்டு முறை மாறியிருக்கும். தவணை மட்டும் மாறாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையான செலவு என்ற வகையில் கல்விப் பயணத்துக்கும் இடம் இருக்கிறது. கல்லூரி அந்தச் செலவைச் சேர்க்கையின்போதே எழுத்தில் காட்டினால், கடன் மனுவிலேயே அதைச் சேர்த்துக் கேட்கலாம். அப்படிச் செய்யாமல், இரண்டாம் ஆண்டில் திடீரென்று 'இந்தத் தேதிக்குள் பணம் கட்டுங்கள்' என்று சுற்றறிக்கை வந்தால், குடும்பம் அடகுக் கடைக்குத்தான் ஓடும். தாலிச் சங்கிலியை வைத்துத் தாய்லாந்துக்கு அனுப்பும் நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

டிராவல் ஏஜெண்ட் மூலம் வாங்கும் வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்கு 2020 அக்டோபர் முதல் மூலத்திலேயே வரி வசூலிக்கும் முறையும் வந்திருக்கிறது. இது கூடுதல் செலவு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தொகை யாருடைய பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அவர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால், செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துவது அவசியம்.

போவதில் பயன் உண்டு

இவ்வளவு சொன்னதால் வெளிநாட்டுக்குப் போவதே வீண் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் எட்டு டாலரை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிய இந்தியர்கள் உண்டு. அந்நியச் செலாவணிக்கு அவ்வளவு பஞ்சம். 1973-ல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அந்தக் கெடுபிடியை இன்னும் இறுக்கியது. அதன் இடத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2000 ஜூனில்தான். தனிநபர் ஆண்டுக்கு இவ்வளவு டாலர் வெளியே கொண்டு போகலாம் என்ற தாராளத் திட்டம் 2004-ல் 25,000 டாலர் வரம்போடு தொடங்கியது. நம் தகப்பனார் காலத்தில் பெரிய கம்பெனி மானேஜருக்கே எளிதாகக் கிட்டாத வாய்ப்பு, இன்று குமாஸ்தா வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கிறது. இது மகிழ்ச்சிக்குரிய மாறுதல் என்பதில் ஐயமில்லை.

நேரில் போனால்தான் புரியும் விஷயங்களும் உண்டு. துபாய்க் கடையில் ஒரு மசாலாப் பொட்டலத்தைக் கையில் எடுத்தால், அதில் அரபியில் விவரம் அச்சாகியோ ஒட்டப்பட்டோ இருப்பதைக் காணலாம். அரபி வலமிருந்து இடமாகப் படிக்கும் எழுத்து. 'முன்', 'பின்' என்று இரண்டு படம் போட்டு, அழுக்குத் துணி வெள்ளையாவதை இடமிருந்து வலமாகக் காட்டும் சோப்பு விளம்பரத்தை அப்படியே அங்கே ஒட்டினால், வெள்ளைத் துணி அழுக்காகிறது என்றல்லவா பொருள்படும்! புத்தகத்தில் இது ஒரு வரி. கடையில் நின்று பார்த்தவனுக்கு ஆயுள் முழுதும் மறக்காது.

எனவே கேள்வி, போகலாமா கூடாதா என்பதல்ல. போய் என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி. இந்தப் பயணங்களின் நிகழ்ச்சி நிரல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதல் நாள் ஓட்டலில் இறங்குதல். இரண்டாம் நாள் ஒரு கல்லூரியிலோ கம்பெனியிலோ இரண்டு மணி நேரச் சொற்பொழிவு. பிறகு ஊர் சுற்றல். மூன்றாம் நாள் உயரமான கட்டடம். நான்காம் நாள் பாலைவனத்தில் ஜீப் சவாரி. ஐந்தாம் நாள் கடைத்தெரு. முடிவில் கையெழுத்திட்ட சான்றிதழ். புர்ஜ் கலீபாவின் மேல் மாடியிலிருந்து ஊரைப் பார்ப்பது அழகுதான். ஆனால் அங்கிருந்து பார்த்தால் வியாபாரம் தெரியாது. துபாயின் வியாபாரம் தெரிய வேண்டுமானால், 1979-ல் திறந்த ஜெபல் அலி துறைமுகத்தையும், 1985-ல் அதையொட்டி அமைந்த சுதந்திர வாணிப வட்டாரத்தையும் பார்க்க வேண்டும். தேரா பகுதியில் அல் ராஸ் மொத்த வியாபாரக் கடைகளில் ஏலக்காயும் முந்திரியும் எந்த நாட்டிலிருந்து வந்து எந்த நாட்டுக்குப் போகின்றன என்று கேட்டு எழுத வேண்டும். 2022 மே 1 முதல் அமலில் இருக்கும் இந்தியா-ஐக்கிய அரபு எமிரேட்ஸ் வாணிப ஒப்பந்தத்தால் எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி குறைந்தது என்பதைப் போவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். இவற்றுக்கு எந்த நிகழ்ச்சி நிரலில் இடம் இருக்கிறது?

மாம்பழம் சொல்லும் பாடம்

சர்வதேச மார்க்கெட்டிங் என்றால் விளம்பரம், விற்பனைச் சாதுரியம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நாட்டில் செய்த பொருளை, வேறு சட்டமும் வேறு ருசியும் வேறு பழக்கமும் உள்ள இன்னொரு நாட்டில் விற்றுப் பணத்தை ஒழுங்காக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கலை அது. அதன் மிக நல்ல பாடங்கள் நம் வாசலிலேயே நடந்திருக்கின்றன.

இந்த மும்பைக்காரர்கள் உயிரினும் மேலாக மதிக்கும் அல்போன்ஸா மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை விதித்தது. கூடவே கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு இவற்றுக்கும் தடை. காரணம், பழ ஈ போன்ற பூச்சிகள். பழத்தின் ருசியில் குறையில்லை; விலையில் குறையில்லை; வாங்க ஆளும் இருந்தது. ஒரு சின்னப் பூச்சியால் சீசன் முழுவதும் போயிற்று. பழங்களைப் பதப்படுத்தும் முறையும் சோதனையும் திருத்தப்பட்டு, 2015 தொடக்கத்தில்தான் மாம்பழத்துக்குக் கதவு திறந்தது. அமெரிக்காவோ அதற்கு முன் பல்லாண்டுகள் நம் மாம்பழத்தைத் தடுத்து வைத்திருந்து, கதிர்வீச்சால் பூச்சி நீக்கிய பழத்தை 2007-ல்தான் உள்ளே விட்டது. ஜப்பான் 2006-ல் தடையை நீக்கியபோது, நீராவி வெப்பத்தில் பழத்தைப் பக்குவப்படுத்த வேண்டும் என்றது. பழம் ஒன்று, கேட்கும் நாடு மூன்று, சொல்லும் நிபந்தனையும் மூன்று. சர்வதேச மார்க்கெட்டிங் புத்தகத்தின் பாதி இதில் அடங்கிவிடுகிறது. இதைக் கற்க லண்டன் போக வேண்டியதில்லை. வாஷி மார்க்கெட்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்தால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலுக்கு ஜெர்மனி பெரிய வாடிக்கை. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்படுத்திய ஒரு ரசாயனத்தை, பி.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 1989-ல் ஜெர்மனி தடை செய்தது. சில ஆண்டுகளில் ஒரு வகைச் சாயங்களுக்கும் தடை வந்தது. பாலாற்றங்கரைத் தொழிற்சாலைகளில் தோல் பதனிடும் முறையே மாற வேண்டியதாயிற்று. சென்னையில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று வழிகளைக் கண்டு சொல்ல உதவியது. எங்கோ ஒரு பாராளுமன்றம் சட்டம் இயற்ற, இங்கே வாணியம்பாடியில் ஒரு தொழிலாளியின் வேலை முறை மாறுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா பல இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூரில் ஆர்டர்கள் என்னவாகும் என்று தூக்கமிழந்தவர்கள் முதலாளிகள் மட்டுமல்லர். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்களும்தான். இந்தப் பாடம் நம் குடும்பங்களுக்கு அந்நியமானதல்ல.

மற்ற நாட்டுக் கம்பெனிகள் இங்கே வந்து பட்ட பாடும் பாடமே. 1994-ல் கெல்லாக்ஸ் கம்பெனி தளோஜாவில் தொழிற்சாலை வைத்துச் சோள அவலை இந்தியாவில் விற்க வந்தது. குளிர்ந்த பாலில் போட்டு மொறுமொறுப்பாகச் சாப்பிட வேண்டிய பண்டம். நம் வீடுகளிலோ காலையில் பால் என்றால் காய்ச்சிய சூடான பால். அதில் போட்டதும் அவல் கூழாயிற்று. சூடாக இட்லியும் பூரியும் கிடைக்கும் வீட்டில் அதை யார் தொடுவார்? எதிர்பார்த்த விற்பனை நடக்கவில்லை. இரண்டாண்டு கழித்து, 1996-ல் மெக்டொனால்ட்ஸ் டில்லியிலும் பாந்திராவிலும் கடை திறந்தபோது, தன் உலகப் புகழ் பெற்ற மாட்டிறைச்சிப் பண்டத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தது. ஒருவர் அடுப்படியைப் பார்க்காமல் வந்தார். மற்றவர் பார்த்துவிட்டு வந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவர்கள் இங்கே வருகிறார்கள்

வேடிக்கை என்னவென்றால், நம் பிள்ளைகள் வியாபாரம் கற்க வெளிநாடு போகும் அதே நேரத்தில், வெளிநாட்டார் வியாபாரம் கற்க நம் ஊருக்கு வருகிறார்கள். நாம் தினம் சர்ச்கேட் ஸ்டேஷன் வாசலில் இடித்துக்கொண்டு போகும் டப்பாவாலாக்களைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளி 2010-ல் ஒரு பாடமே எழுதி வெளியிட்டது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உள்ள மாணவர்கள் அதைப் படித்து விவாதிக்கிறார்கள். அந்த டப்பாவில் மதியச் சாப்பாடு வாங்கித் தின்ற குமாஸ்தாவின் மகன், பாங்காக்கில் சொற்பொழிவு கேட்கிறான்.

அதே ஹார்வர்டு பள்ளி, தன் முதலாண்டு மாணவர்கள் சுமார் 900 பேரை 2012 ஜனவரியில் இந்தியா உள்படப் பல வளரும் நாடுகளுக்கு அனுப்பியது. அதுவும் ஒரு வாரம் போன்ற குறுகிய பயணந்தான். அப்படியானால் ஏழு நாளில் கற்க முடியாது என்று சொல்வது சரியா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் அந்தந்த ஊரிலுள்ள ஒரு கம்பெனியோடு இணைத்து, 'இந்த ஊர் மக்களுக்கு ஏற்ற ஒரு பொருளையோ சேவையையோ யோசியுங்கள்' என்று வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்து யோசித்ததை ஊருக்குப் போய் வாடிக்கையாளரிடம் காட்டிச் சரி பார்ப்பதே அந்த ஒரு வாரத்தின் வேலை. எண்ணியது தவறு என்று தெரிந்து திரும்பி வந்தாலும் லாபம்தான். கேள்வி கையில் இருந்ததால் பதில் கிடைத்தது. கேள்வியே இல்லாமல் போகிறவனுக்கு ஏழு நாள் என்ன, எழுபது நாள் இருந்தாலும் பயனில்லை.

நம் முன்னோர்களில் கடல் கடந்து வியாபாரம் செய்தவர்களுக்கு இந்த ரகசியம் தெரிந்திருந்தது. நகரத்தார் சமூகத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன பையன், முதலில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து கணக்கெழுதப் பழகினான், பிறகு அடுத்தாள், அதற்கும் பிறகே மேலாள். ஒரு தவணை என்பது மூன்றாண்டு. ஊரின் பாஷை, வாங்குபவனின் நாணயம், விளைச்சல் எப்போது, பணம் திரும்புவது எப்போது என்று அத்தனையும் அத்துபடியான பின்புதான் பெரிய பொறுப்பு. இன்று எல்லாராலும் மூன்றாண்டு போய் உட்கார முடியாது, அவசியமும் இல்லை. ஆனால் கணக்குப் பழகாத பையனைக் கப்பலேற்றுவதில்லை என்ற அந்தப் புத்தி இன்றைக்கும் பொருந்தும்.

மும்பையே ஒரு பள்ளிக்கூடம்

போவதற்கு முன் பழக, இந்த ஊரைவிடச் சிறந்த இடம் நாட்டில் எங்கே இருக்கிறது? 1989-ல் திறக்கப்பட்ட நவ ஷேவா துறைமுகம் ஒரு பக்கம். 1973-ல் அந்தேரியில் அமைந்த சீப்ஸ் ஏற்றுமதி வட்டாரம் ஒரு பக்கம். ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டு வியாபாரி பணம் தராமல் ஏமாற்றினால் நஷ்டத்தைத் தாங்கும் இ.சி.ஜி.சி. என்னும் அரசு இன்ஷூரன்ஸ் நிறுவனம் 1957 முதல் இந்த ஊரில்தான் தலைமையகம் வைத்திருக்கிறது. வைர வியாபாரம் பாந்திரா-குர்லா வளாகத்தில் நடக்கிறது. தாராவியில் தோல் பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் போய்விட்டாலும், பையும் பெல்ட்டும் பர்சும் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அந்தப் பட்டறைகளில் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பத்திரிகையைப் படிக்கும் வாசகர்களே இருக்கிறீர்கள். பல்லார்டு பியரிலும் நரிமன் பாயிண்டிலும் ஷிப்பிங் கம்பெனிகளில் எத்தனை தமிழர்கள் ஆயுள் முழுவதும் வேலை பார்த்திருக்கிறார்கள்! பில் ஆஃப் லேடிங்கில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் வங்கி பணம் தராது என்பதும், லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் குறித்த தேதிக்கு ஒரு நாள் பிந்திச் சரக்கு ஏறினால் முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்த அனுபவ ஞானத்தை எந்தக் கல்லூரியாவது ஒரு மணி நேரம் அழைத்துக் கேட்டதுண்டா? டையும் கோட்டும் போட்டவர் சொன்னால் பாடம். ஓய்வு பெற்ற ஷிப்பிங் குமாஸ்தா சொன்னால் வெறும் பேச்சு என்ற எண்ணம் ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் தகப்பனாரோ மாமாவோ இருபதாண்டு என்ன வேலை செய்தார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள். பரீட்சைக்கே உதவும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியவை

நாம் கேட்பவை பெரிய விஷயங்களல்ல. முதலாவது, பயணம் உண்டென்றால் அதன் முழுச் செலவையும் சேர்க்கையின்போதே கட்டணத் தாளில் காட்ட வேண்டும். விசா, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எது சேர்ந்தது, எது சேரவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பயணத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. போக முடியாத மாணவருக்கு அதே மதிப்பெண் பெற இங்கேயே ஒரு வேலை தர வேண்டும். வாஷி மார்க்கெட்டின் ஏற்றுமதியைப் பற்றியோ, தாராவிப் பட்டறை ஒன்றின் பையை வெளிநாட்டில் விற்கும் வழியைப் பற்றியோ ஆராய்ந்து எழுதட்டும். துபாய் போய் வந்தவனைவிட அவன் எழுதுவது மேலாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பணமில்லாத காரணத்தால் ஒரு பெண் வகுப்பில் தலை குனிந்து உட்காரும் நிலை கல்விக்கூடத்துக்கு அழகல்ல.

மூன்றாவது, ஒரு குழு, ஒரு பொருள், ஒரு சந்தை, ஒரு கேள்வி என்று வகுத்துக்கொண்டு போக வேண்டும். 'ஆம்பூர்த் தோல் செருப்பை சிங்கப்பூரில் எந்த விலைக்கு விற்க முடியும்?' என்பது கேள்வி. 'சிங்கப்பூரின் வியாபாரச் சூழ்நிலை' என்பது கேள்வியே அல்ல. செராங்கூன் ரோட்டுக் கடைகளில் விசாரித்து, விலைச் சீட்டைக் குறித்து, இறக்குமதியாளர் இருவரைச் சந்தித்து வந்தால் ஏழு நாளும் பொன்னான நாட்களாகும்.

நான்காவது, சுற்றுலா நகரங்களைவிட வியாபாரக் கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்லலாம். சீனாவின் குவாங்சோவில் 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் காண்டன் சந்தை, துபாயில் ஆண்டுதோறும் நடக்கும் கல்ஃபுட் உணவுக் கண்காட்சி ஆகியவற்றில் ஒரே கூரையின் கீழ் பல நாட்டு வியாபாரிகளைப் பார்க்கலாம். அதற்கு ஒத்திகையாக நவம்பர் 14 முதல் 27 வரை டில்லியில் நடக்கும் சர்வதேச வாணிபச் சந்தைக்கு ரயிலில் போய் வரலாம். சிறிய ஏற்றுமதியாளரின் கடையில் நின்று இரண்டு நாள் உதவி செய்தால், அவருக்கும் ஆள் கிடைத்தது, மாணவருக்கும் பாடம் கிடைத்தது.

ஐந்தாவது, திரும்பி வந்ததும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். என்ன நினைத்துப் போனோம், என்ன கண்டோம், எது தவறாயிற்று என்று மாணவர்கள் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் முன்னால் சொல்லட்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

கல்லூரி நிர்வாகத்திடம் கேட்க நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம். 'படித்தவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். வேற்று மாநிலத்தில் இருக்கிறோம், மராட்டியும் ஆங்கிலமும் சரளமாக வரவில்லை என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. பணம் கட்டுகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. நாள்வாரியான நிகழ்ச்சி நிரலைக் கேளுங்கள். அதில் எத்தனை மணி நேரம் வியாபாரத்துக்கு, எத்தனை மணி நேரம் வேடிக்கைக்கு என்று கூட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் வேடிக்கையென்றால், அது சுற்றுலா. கடன் வாங்கிப் போகத் தக்கதல்ல. போகாவிட்டால் மதிப்பெண் குறையுமா என்று எழுத்தில் கேளுங்கள். டிராவல் ஏஜெண்ட் யார், பணத்தைக் கல்லூரி வாங்குகிறதா, ஏஜெண்ட் வாங்குகிறாரா, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு போய் வந்த மாணவர் இருவரிடம் தனியாக விசாரியுங்கள். உண்மை அங்கே வரும்.

பெண் பிள்ளைகளின் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். மகனுக்கென்றால் நகையை அடகு வைக்கத் துணியும் வீடு, மகளுக்கென்றால் 'தனியாக எப்படி அனுப்புவது' என்று யோசிக்கிறது. பயணம் நல்லதாக இருந்தால் இருவருக்கும் நல்லது. மோசமானதாக இருந்தால் இருவருக்கும் வேண்டாம். அளவுகோல் ஒன்றாகவே இருக்கட்டும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றமும் பாட்டுக் கச்சேரியும் நடக்கட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? கூடவே ஆண்டுக்கு இரண்டு நாள், ஏற்றுமதித் தொழிலிலும் ஷிப்பிங்கிலும் சுங்க இலாகாவிலும் வங்கியிலும் வேலை செய்து ஓய்வு பெற்ற தமிழர்களை அழைத்து, நம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கச் செய்யலாம். தகுதியிருந்தும் வசதியில்லாத மாணவர் இருவருக்கு, நல்ல முறையில் நடக்கும் பயணத்தின் செலவில் பாதியை ஏற்கலாம். ஒரு கச்சேரிக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு பிள்ளையின் பாதை திறக்கும்.

பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த தலைமுறை, தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது யாரும் அதற்குக் கல்விப் பயணம் என்று பெயர் வைக்கவில்லை. பாஷை தெரியாத ஊரில் யார் எதை வாங்குவார், எதை விற்றால் பிழைக்கலாம், யாரை நம்பலாம் என்று வந்தவர்கள் தாங்களே கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதைவிட வசதியாகக் கற்க வேண்டும் என்று விரும்புவது நியாயமே. அதற்கு விமான டிக்கெட்டும் தேவைப்படலாம். ஆனால் டிக்கெட் வாங்கும் முன், பையனையோ பெண்ணையோ உட்கார வைத்து, 'எந்தச் சரக்கை, யாருக்கு, என்ன விலைக்கு விற்கும் வழி பார்க்கப் போகிறாய்?' என்று கேளுங்கள். பதில் வந்தால் கடன் வாங்கியாவது அனுப்பலாம். பதில் வராவிட்டால், அந்தப் பதிலைத் தேட முதலில் வாஷிக்கு அனுப்புங்கள்.